சர்டிபிகேட்டுக்கு ஆரத்தி எடுத்தவன்

சிலருக்குப் பதற்றம் வந்தால் கை நடுங்கும். சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு இரண்டும் கிடையாது. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். எதையாவது துடைப்பேன், திருகுவேன், கழற்றுவேன். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் அதற்கென்று தனியாக ஒரு பதற்றம் வரும். (மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்த நாற்காலியின் ஸ்க்ரூ நான்கையும் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தேன். நல்ல செய்தி சொல்ல வந்த நர்ஸ் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மகள் எத்தனை கிலோ என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நர்ஸ் எத்தனை கிலோ என்று தெரியும். தூக்கியது நான்தான்.)

அந்த மகள் சௌமியா பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரப்போன கதைதான் இது. சேர்ந்தாளா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சேரவிடாமல் செய்ய அவளைப் பெற்றவன் என்ன பாடுபட்டான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் எனக்கு ஒரு கடை. பிளைவுட், தாழ்ப்பாள், கீல், கைப்பிடி. தச்சு வேலை பார்த்த குடும்பம். எங்கள் வீட்டில் புதிதாக எது நுழைந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டுத்தான் மறுவேலை. உளி வாங்கினால் மஞ்சள், டிரில்லிங் மெஷின் வாங்கினால் மஞ்சள். வைஃபை பெட்டி மாட்ட வந்த பையன் மஞ்சளைப் பார்த்து, "சார், இதுல சிக்னல் வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வந்தது. அதனால் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

சௌமியாவுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமையானால் வலையபட்டிக்கு சைக்கிளை மிதித்துப்போய், பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துப் படம் போட்டுக்கொண்டு வருவாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். நல்ல மதிப்பெண். நாடு முழுவதுக்கும் சேர்த்து நடக்கிற கவுன்சிலிங்கில், விருப்பப்பட்ட கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

வரிசைப்படுத்த அவள் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தோம். என் மனைவி வளர்மதி, கல்லலில் பள்ளிக்கூட டீச்சர். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட பாடத்திட்டம் போட்டுப் போகிறவள். அவள் தம்பி செல்வம், கோட்டையூரிலிருந்து நாலு கீல் வாங்க டவுன் பஸ்ஸில் வந்தவன், கீலை மடியில் வைத்துக்கொண்டே ஆலோசகர் ஆகிவிட்டான்.

"மச்சான், நான் ஒன்னு சொல்றேன். பொம்பளப் புள்ளயத் திருச்சிக்கு அங்குட்டு அனுப்பவே கூடாது."

"மாமா, நீங்க திருச்சிக்கு எத்தன தடவ போயிருக்கீக?" என்றாள் சௌமியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு தடவ. ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு. அதான் சொல்றேன்."

நானோ தாராளமான அப்பா என்று பெயர் வாங்கும் திட்டத்தில் இருந்தேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கல்லூரியை அவள் முதலிடத்தில் போட்டபோதுகூட, "போடுத்தா, போடு" என்றேன். எப்படியும் கிடைக்காது என்ற தைரியம்.

கிடைத்துவிட்டது.

செல்போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இரண்டு விரலால் சுருக்கினேன். இன்னும் சுருக்கினேன். காரைக்குடி ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் காணாமல்போன பிறகுதான் அந்த ஊர் திரைக்குள் வந்தது. (ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே ஓர் அலுவலகத்தில் என் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.)

"அங்க அரிசி கெடைக்குமா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும்ப்பா."

"நம்ம அரிசி?"

அன்றே என் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. சமையலறையில் நன்றாக மூடிக்கொண்டிருந்த மூன்று அலமாரிக் கதவுகளுக்குக் கீல் மாற்றினேன். இப்போது அவை மூடுவதில்லை.

வெளிமாநிலத்துப் பிள்ளை என்றால் காகிதம் கூடுதல். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லோருக்கும் உண்டு. அதோடு, நம் மாநிலத்துத் தேர்வு வாரியத்திலிருந்து வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போகிறாள் என்று சொல்ல மைக்ரேஷன் சர்டிபிகேட், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று மொத்தம் எட்டு. எல்லாம் அசல். அசலைக் கையில் கொண்டுவந்து குறிப்பிட்ட நாளில் மாலை நான்கு மணிக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தன. குறை வைக்க நான் இருந்தேன்.

கிளம்புகிற அன்று காலை வளர்மதி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, அந்த பைலத் தொடாதீக. எல்லாம் வரிசையா அடுக்கியிருக்கேன். நீங்க சும்மா இருந்தாலே போதும்."

என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதை மட்டும் கேட்கக்கூடாது.

மகள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். வீட்டில் நானும் பைலும் மட்டும். அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு சாமி அலமாரிக்கு முன்னால் வைத்தேன். வைத்த பிறகு வெறுமனே எடுக்க மனசு வரவில்லை. மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு சான்றிதழாக எடுத்து, நான்கு மூலையிலும் விரல் நுனியால், அளவாக, அழகாகத் தடவினேன். எட்டு நான்கு முப்பத்திரண்டு மூலை. கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜம்மென்று இருந்தன. அன்று முழுக்க எனக்கு நிம்மதி. மீதி மஞ்சள்தூளைப் பொட்டலம் கட்டி என் பையில் போட்டுக்கொண்டேன், ஹாஸ்டல் அறைக் கதவில் வைக்க.

காரைக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து வடக்கே ஒரு நாள் ரயில். பைலை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன். ரயில் எங்கே நின்றாலும் மேல்பக்கமாக விரலை விட்டு எட்டு இருக்கிறதா என்று எண்ணுவேன். ஓடும் ரயிலில் யார் வந்து எடுக்கப் போகிறார்கள் என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். ஓடும்போதும் எண்ண ஆரம்பித்தேன்.

"ப்பா, குடுங்க, நான் வச்சிக்கிறேன்."

"வேணாந்த்தா. நீ தொலச்சிருவ."

காலையில் போய் இறங்கி, கல்லூரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். சௌமியா குளிக்கப் போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, கல்லூரிக்காரர்கள் அனுப்பியிருந்த விதிமுறைத் தாளை முதல்முறையாகப் படித்தேன். என் ஆங்கிலம் கடை ஆங்கிலம். இன்ச், மில்லிமீட்டர் தாண்டாது. ஆனாலும் ஏழாவது விதி எனக்குப் புரிந்துவிட்டது. கறை, திருத்தம், அழித்த தடயம் உள்ள அசல் சான்றிதழ்கள் ஏற்கப்பட மாட்டாது.

கறை.

பைலைத் திறந்தேன். முப்பத்திரண்டு மூலையும் என்னைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தன.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மகள் வரும்வரை காத்திருப்பான். எனக்குக் கண்ணில் பட்டது மேஜைமேல் இருந்த சோப்பு. லாட்ஜில் கொடுப்பார்களே, பிஸ்கட் அளவில், அது. கைக்குட்டையின் நுனியை நனைத்து, சோப்பில் தேய்த்து, மைக்ரேஷன் சர்டிபிகேட்டின் மேல் மூலையில் பூப்போல ஒரு துடை துடைத்தேன்.

மூலை சிவந்தது.

சும்மா இல்லை, ரத்தச் சிவப்பு. சோப்பில் ஏதோ கோளாறு என்று இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டேன். இன்னும் சிவந்தது. சரி, இந்தக் காகிதத்தில்தான் கோளாறு என்று மாற்றுச் சான்றிதழை எடுத்துத் துடைத்தேன். அதுவும் சிவந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகும், அதைத்தான் ஆரத்தி என்று நம் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் சுற்றுகிறோம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை முறை எனக்கே சுற்றியிருக்கிறார்கள்! ஆனால் அந்த நிமிடம், மத்தியப் பிரதேசத்தில், கையில் மகளின் எதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது ஞாபகம் வருமா?

குளியலறைக் கதவு திறந்தது.

"ப்பா! கையில என்ன ரத்தம்?"

"ரத்தம் இல்லத்தா."

அருகில் வந்தாள். பார்த்தாள். மேஜைமேல் நுரைத்துக் கிடந்த சோப்பைப் பார்த்தாள். வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண். மூன்று விநாடிதான் ஆனது.

"மஞ்ச தடவினீகளா?"

"லேசா."

"அதுமேல சோப்பு போட்டீகளா?"

"லேசாத்தான்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள்.

"சோப்பு காரம்ப்பா. புளிப்பா ஏதாச்சும் பட்டா திரும்ப மஞ்சளாயிரும். போயி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. வேற எதையும் தொடாதீக, வேற எதையும் வாங்காதீக."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. காய்கறிக் கடை எங்கே என்று கேட்க எனக்கு இந்தி கிடையாது. எதிரில் ஒரு ஆள் கம்பு நிறைய எலுமிச்சம்பழங்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பழத்துக்கும் துணையாக ஏழு பச்சைமிளகாய் கோத்திருந்தான். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவது. அடடா, இங்கேயும் நம்ம ஆள்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பதற்றத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம். ஒன்று வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும்.

சௌமியா அந்தச் சரத்தைத் தூக்கிப்பிடித்துப் பார்த்தாள். "மஞ்சள் ஆச்சு, எலுமிச்ச ஆச்சு, பச்சமொளகா ஆச்சு. சோறு எங்கப்பா?"

கைக்குட்டையின் மறு நுனியில் இரண்டு சொட்டு விட்டு ஒற்றினாள். மாயம்போலச் சிவப்பு இறங்கி மஞ்சள் திரும்பியது. ஆனால் மூலைகள் நமுத்துச் சுருண்டுவிட்டன. மைக்ரேஷன் சர்டிபிகேட் எலுமிச்சம் சாதம்போல மணத்தது. காற்றாடிக்குக் கீழே காயவைத்து எடுத்துக்கொண்டு போனோம்.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது மதியம். மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஆறு சான்றிதழ்களை, மூலை மஞ்சளைப் புருவத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தள்ளி வைத்தார். மைக்ரேஷன் சர்டிபிகேட்டில் கை நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருண்ட மூலையைத் தடவினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டுத் தேர்வுத் துறையின் முத்திரையை மூன்று பேர் முறைவைத்து முகர்ந்தார்கள். அவர்கள் பேசிய இந்தியில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: கெமிக்கல்.

நான் முன்னால் பாய்ந்தேன். "நோ கெமிக்கல், சார்! ஒன்லி கிச்சன்!"

சௌமியா கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்து போட்டு எதையோ அழித்திருக்கிறோம் என்று அவர்களுக்குச் சந்தேகம். நியாயம்தான். மேலதிகாரி முடிவு செய்வார், வெளியே காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மணி இரண்டு ஐம்பது. வராண்டாவில் ஒரு இரும்பு பெஞ்சு. எங்களைத் தாண்டி மற்ற பிள்ளைகள் அனுமதிச் சீட்டோடு சிரித்துக்கொண்டு போனார்கள். சௌமியா அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"விடுத்தா," என்றேன். "ஊருக்குப் போயிருவோம். மதுரையில இல்லாத காலேஜா?"

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். "ப்பா, இத நீங்க பயத்துல சொல்றீகளா, ஆசையில சொல்றீகளா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இவளிடம் அது செல்லாது. ரயில் ஏறியதிலிருந்து, ஏறியதிலிருந்து என்ன, கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்தே, எங்கோ ஒரு மூலையில் எனக்கு அந்த ஆசை இருந்தது. பைலை விட முப்பத்திரண்டு மடங்கு பத்திரமாக அதை மறைத்து வைத்திருந்தேன்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"கையில என்ன?" என்றாள்.

பெஞ்சின் ஸ்க்ரூ.

"அத மாட்டுங்க மொதல்ல." எழுந்தாள். "உங்க பையில என்னென்ன இருக்கு?"

மேலதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கஞ்சிபோட்ட புடவை, கண்டிப்பான முகம். இரண்டு சான்றிதழ்களும் அவர் மேஜையில் பரிசோதனைக்கு வந்த பிணம்போலக் கிடந்தன. சௌமியா ஆங்கிலத்தில், "மேடம், ஐந்து நிமிடம் கொடுங்கள். நடந்ததைச் செய்தே காட்டுகிறேன்" என்றாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

மஞ்சள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். லாட்ஜ் சோப்பின் மிச்சத்தைக் கொடுத்தேன். (வாடகை கொடுத்த அறையின் சோப்பை விட்டுவிட்டு வருவதாவது!) கடைசியாக அந்த இரண்டாவது எலுமிச்சம்பழம், ஏழு மிளகாயோடு.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இவர் பையில் இன்னும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

வெள்ளைத் தாளில் தண்ணீர் தொட்டு மஞ்சளைத் தடவினாள் சௌமியா. சோப்பால் தொட்டாள். சிவந்தது. வாசலில் நின்ற குமாஸ்தா உள்ளே வந்தார். மேடத்தின் பேப்பர் கத்தியால் எலுமிச்சையைக் கீறி ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் திரும்பியது. மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள்.

"இன்னொரு முறை செய்," என்றார் மேடம்.

செய்தாள். மூன்றாவது முறை மேடமே வாங்கிச் செய்து பார்த்தார்.

பிறகு சான்றிதழ்களை எடுத்து நிதானமாகப் பார்த்தார். எழுத்தில், எண்ணில், முத்திரையில் எங்கும் கை படவில்லை. மூலைகள் மட்டும்தான். கணினியில் மதிப்பெண்ணைச் சரிபார்த்தார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஃபாதர். எங்கள் வீட்டிலும் கல்யாணப் பத்திரிகைக்கு ஹல்தி வைப்போம். சர்டிபிகேட்டுக்கு ஏன்?"

என் ஆங்கிலம் முழுவதையும் திரட்டினேன். "மேடம்... டாட்டர். ஃபார். வெரி ஃபார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, உறுதிமொழிக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மேற்படி மாணவியின் தந்தையாகிய நான், அசல் சான்றிதழ்களின் மீது எனது சொந்த விருப்பத்தின்பேரில் மஞ்சள், சோப்பு, எலுமிச்சை ஆகியவற்றை வரிசைக்கிரமமாகப் பயன்படுத்தினேன் என்றும், இதில் மாணவிக்குத் தொடர்பில்லை என்றும், இனி எந்தச் சான்றிதழையும் தொடமாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். மேடமும் அனுமதிச் சீட்டில் போட்டார். மணி மூன்று நாற்பது.

நாங்கள் வளாகத்தை விட்டு வெளியே வருவதற்குள் அந்தக் கடிதத்தின் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சௌமியா ஏற்றிவிட்டாள். முதல் அழைப்பு வளர்மதியிடமிருந்து.

"நெசத்தச் சொல்லுங்க. புள்ளயத் திரும்பக் கூட்டியாரணும்னு வேணும்னே செஞ்சீகதான?"

"அந்த அளவுக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா, வளரு?"

"அதுவும் சரிதான்," என்றாள். ஆனால் அவள் முழுசாக நம்பவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

ஹாஸ்டல் கதவை நெருங்கவே சௌமியா என்னை விடவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னை ரயிலேற்றிவிட்டாள். மடியில் பைல் இல்லாமல், எண்ண ஒன்றுமில்லாமல் ஒரு நாள் பயணம். ஜன்னலுக்குக் கீழே இருந்த மடக்கு மேஜையைத்தான் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு வந்தேன். நடுவழியில் ஒரு படம் வந்தது. அவள் அறைக் கதவு. நான்கு மூலையிலும் கடுகளவு மஞ்சள். கீழே ஒரு வரி: "சோப்பு போடல."

ஐந்து வருஷப் படிப்பை முடித்து இப்போது வேலை பார்க்கிறாள். செல்வம் இன்றைக்கும் கடைக்குள் நுழையும்போது, "மச்சான், ஒன்லி கிச்சன்!" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைகிறான். கடைக்கு வருகிற தச்சர்களில் பாதிப்பேருக்கு என் பெயரே அதுதான் என்று கேள்வி.

இந்த வருஷம் மகன் கதிர் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவனும் வெளிமாநிலம். அடுத்த வாரம் கிளம்புகிறான். அசல் சான்றிதழ்கள் வீட்டில்தான் எங்கோ இருக்கின்றன. எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் குழம்பு வெள்ளை வெளேரென்று வருகிறது. மஞ்சள் டப்பாவைக் காணோம். ரசத்துக்குப் பிழிய எலுமிச்சம்பழம் கேட்டேன், அதுவும் இல்லை என்றார்கள்.

இன்று காலை குளிக்கப் போனேன். சோப்பையும் காணோம்.

"வளரு, சோப்பு எங்க?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "அவன் போயிச் சேந்துட்டேன்னு போன் பண்ணட்டும். அப்பறம் குளிப்பீக."